வானூர்தியின் அகமும் வழிச்செல்வோர் நலமும்

ஒரு காலத்தின் வரலாற்றை அரசர் பட்டியலையும் போர்க்களங்களையும் கொண்டு மட்டும் எழுதுதல் பழைய வழக்கு. மக்கள் வாழ்ந்த மனை, துயின்ற கட்டில், ஏறிச்சென்ற ஊர்தி என்பனவும் வரலாற்றுச் சான்றுகளே என்பது பிற்கால வரலாற்றாசிரியரின் துணிபு. ஆகாய விமானத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் இறக்கை, பொறி, வேகம் ஆகியவற்றையே விரித்துரைப்பர். பயணி காண்பனவோ அவையல்ல. ஓர் இருக்கை, ஒரு சாளரம், தலைக்குமேல் ஒரு பேழை, கால்நீட்டச் சில அங்குல இடம் என்பனவே அவர் அறிந்த விமானம்.

விமானத்தின் உடலும் அதன் அகமும் ஒரே வயதின அல்ல. நன்கு பேணப்படும் விமானம் இருபது, முப்பது ஆண்டுகள் பறக்கும். இருக்கைத் துணியும் கம்பளமும் அவ்வளவு காலம் நில்லா. ஆகவே ஒரு விமானம் தன் ஆயுளிற் பன்முறை உள்ளே புதுக்கப்படுகின்றது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை முற்றாகக் கழற்றிச் சோதிக்கும் பெருஞ்சோதனைக் காலமே இவ்வேலைக்கு வாய்ப்பான காலம். இப்புதுக்கல்களை வரிசைப்படுத்தி நோக்கின், அவற்றை இயக்கிய சக்திகள் மூன்று என்பது புலனாகும். ஒன்று கம்பனிகளின் போட்டி. மற்றொன்று வரவுசெலவுக் கணக்கு. பிறிதொன்று விபத்துக்கள் கற்பித்த பாடம்.

குண்டுவீச்சு விமானத்திற் பிரம்பு நாற்காலி

பழைய விமானத்தைப் பயணிகளுக்காகத் திருத்தியமைக்கும் தொழில், விமானப் போக்குவரத்தோடு உடன்பிறந்தது எனலாம். முதலாம் உலகப்போர் 1918ஆம் ஆண்டு முடிவுற்றபோது, ஐரோப்பாவிற் போர் விமானங்கள் ஆயிரக்கணக்கில் வேலையற்றுக் கிடந்தன. 1919 ஓகஸ்ட் 25ஆம் நாள் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் நடைபெறும் பயணிச் சேவை தொடங்கியது. அச்சேவையிற் பயன்பட்ட டி ஹவிலண்ட் டி.எச். 4ஏ என்னும் விமானம், குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மாற்றுருவமே. பின்புறத்துத் திறந்த இருக்கைக்கு மூடியும் கண்ணாடியும் அமைத்து, இருவர் எதிரெதிரே அமரக்கூடிய சிறு கூடமாக அதனை ஆக்கியிருந்தனர். பிரான்சு நாட்டின் பார்மன் கோலியாத் விமானமும் குண்டுவீச்சுக்கென வகுக்கப்பட்டுப் போர் முடிந்தமையாற் பயணி விமானமானதேயாம்.

அக்காலத்து விமானங்கள் பலவற்றுள் இடப்பட்டவை பிரம்பு நாற்காலிகள். அவை அழகு கருதி இடப்பட்டனவல்ல. பொறியின் வலிமை குறைந்திருந்த அந்நாளில் ஒவ்வோர் இறாத்தல் எடையும் கணக்கிற் கொள்ளப்பட்டது, பிரம்பு இலேசானது. பயணியின் வசதி எடையோடு மாறுபடுவது என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. மெத்தை தடிப்பாயின் விமானம் பாரமாகும்; பாரம் மிகின் எரிபொருள் மிகுதியாகச் செலவாகும்; செலவு மிகின் கட்டணம் உயரும். பின்வந்த நூறாண்டு வரலாறும் இச்சங்கிலியினின்று விடுபட்டிலது.

தக்கோட்டாவும் இலங்கை வானும்

1935 டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதற் பறந்த டக்ளஸ் டி.சி. 3 விமானம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இரவிற் பதினால்வர் படுத்துறங்கும் படுக்கை விமானமாகத் தொடங்கி, பகலில் 21 பேர் அமரும் விமானமாக அது புகழெய்தியது. அஞ்சற்பொதிக் கூலியை நம்பாது பயணிகளாலேயே ஊதியம் ஈட்டவல்லது எனவும் பெயர்பெற்றது.

இரண்டாம் உலகப்போரில் இதன் போர் வடிவமாகிய சி. 47 பத்தாயிரம் அளவிற் செய்யப்பட்டது. பிரித்தானியர் அதனைத் தக்கோட்டா என அழைத்தனர். அதன் அகத்தில் மெத்தையுமில்லை, கம்பளமுமில்லை. சுவரோரமாக மடக்கும் உலோக வாங்குகளும், பொதிகளைப் பிணிப்பதற்குத் தரையில் வளையங்களுமே இருந்தன. 1945ஆம் ஆண்டின் பின் இவை குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. வாங்கிய கம்பனிகள் வாங்குகளைக் கழற்றி, சுவருக்கு ஒலிதடுக்கும் உறையிட்டு, முன்னோக்கிய இருக்கைகளை வரிசையாகப் பொருத்தி, சிறு மலசலகூடமும் அமைத்துக்கொண்டன. போர்வீரரைச் சுமந்த கூடு வணிகரையும் மாணவரையும் சுமக்கும் கூடாயிற்று.

இலங்கையின் விமானப் போக்குவரத்தும் இவ்வழியிலேயே தோன்றியது. எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் நாள் தன் முதற் சேவையை நடத்தியபோது, இரத்மலானையினின்று புறப்பட்ட தக்கோட்டா காங்கேசன்துறை விமான நிலையமாகிய பலாலி வழியாகச் சென்னை சென்றது. பலாலித் தளமும் போர்க்காலத்து ஆக்கமே. போருக்கென எழுந்த விமானமும் போருக்கென எழுந்த தளமும் ஒருங்கே குடிமக்கள் பயன்பாட்டிற்கு வந்தமை கருதத்தக்கது.

எனினும் புதுக்கலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் தக்கோட்டாவே காட்டியது. அதன் கூடம் காற்றழுத்தம் பேணும் அமைப்புடையதன்று. ஆதலின் முகிலுக்கும் புயலுக்கும் மேலே உயர்ந்து பறத்தல் அதற்கு இயலாது. காற்றழுத்தம் பேணும் முதற் பயணி விமானமாகிய போயிங் 307, 1940ஆம் ஆண்டிலேயே சேவைக்கு வந்துவிட்டது. தக்கோட்டாவின் இருக்கையை எத்துணை மென்மையாக்கினும், அதிற் சென்றவர் காற்றுக்குழியில் வயிறு கலங்கியதைத் தடுக்க எந்தக் கம்மியராலும் இயலவில்லை. தோலை மாற்றலாம்; எலும்பை மாற்றல் அரிது.

அகலம் என்னும் தோற்றம்

1952 மே 1ஆம் நாள் வட அத்திலாந்திக் வழியிற் சுற்றுலா வகுப்புக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் குறைந்தது, இருக்கைகள் நெருங்கின. செல்வர்க்கே உரியதாயிருந்த வான்பயணம் நடுத்தர மக்களுக்கும் எட்டத் தொடங்கியது. நெருக்கத்தைக் குறைகூறுவோர் இதனை மறத்தலாகாது. இடத்தை இழந்தவர் சிலர். பயணத்தையே பெற்றவர் பலர்.

1970 சனவரி 22ஆம் நாள் போயிங் 747 நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்குச் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 20 அடி அகலமும் இரு நடைபாதைகளும் கொண்ட அதன் கூடத்தைக் கண்டவர்க்கு, நேற்றுவரை புதுமையாயிருந்த போயிங் 707, 727 விமானங்கள் ஒடுங்கிய குழாய்களாகத் தோன்றின. பத்தாண்டும் நிறையாத விமானங்களைக் கம்பனிகள் எறிந்துவிடுதல் இயலுமா? அவை வேறொரு வழி கண்டன. சுவர்ப்பலகைகளை வளைவாக வார்த்தனர்; விளக்குகளை மறைவில் வைத்து ஒளியைக் கூரையிற் படரவிட்டனர்; தொப்பியும் மேலங்கியும் வைத்த திறந்த தட்டுகளை அகற்றி, மூடியுள்ள பேழைகளைப் பொருத்தினர். 1970களின் தொடக்கத்தில் இவ்வாறு பெருவிமானத் தோற்றம் தரப்பட்ட பழைய விமானங்கள் பல.

விமானம் ஓர் அங்குலமேனும் அகலவில்லை. கண்ணே அகன்றதாகக் கண்டது. எனினும் இதனை வெறும் ஏமாற்று என ஒதுக்குதல் நீதியன்று. திறந்த தட்டிலிருந்து பயணியின் தலையில் விழுந்த பொருள்களை மூடிய பேழை தடுத்தது. அழகுக்கென வந்த மாற்றம் பாதுகாப்பையும் உடன்கொண்டு வந்தது.

இதே காலத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் 747 விமானங்களிற் பொதுவகுப்புப் பயணிகளுக்கென ஓர் உல்லாசக் கூடம் அமைத்து, அதில் மின்னிசைக்கருவி ஒன்றையும் வைத்தது. இத்தாராளத்திற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிற் கட்டணத்தை அரசாங்கச் சபையே அந்நாளில் விதித்தது. விலையைக் குறைத்துப் போட்டியிட இயலாத கம்பனிகள் வசதியைக் கூட்டிப் போட்டியிட்டன. 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய் விலை உயரத் தொடங்கிச் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இசைக்கருவி இறங்கியது, அவ்விடத்தில் இருக்கைகள் ஏறின. 1978ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபின் போட்டி முற்றாக விலையின்மீது திரும்பியது. ஒரு வரிசையில் ஒன்பது இருக்கைகளோடு தொடங்கிய 747, பத்து இருக்கைகளைத் தாங்கலாயிற்று. புதுக்கல் என்னும் பெயரால் நிகழ்வன யாவும் பயணிக்கு நலமாகா என்பதற்கு இது சான்று.

தீ எழுதிய விதிகள்

விமானத்தின் அகத்தை மாற்றிய சக்திகளுள் மிகக் கொடியது தீ. 1973 யூலை 11ஆம் நாள் பாரிசை அணுகிக்கொண்டிருந்த வாரிக் கம்பனியின் போயிங் 707 விமானத்திற் பின்புறத்து மலசலகூடத்தில் தீ மூண்டது. விமானி ஓர்லி நிலையத்தை அடையுமுன் வயலில் இறக்கினார். உள்ளிருந்த 134 பேரில் 123 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலாரைக் கொன்றது புகையே. 1983 யூன் 2ஆம் நாள் எயார் கனடாவின் டி.சி. 9 விமானம் சின்சினாற்றி நகர் அருகே பழுதின்றித் தரையிறங்கியது. ஆயினும் கதவுகள் திறந்த ஒன்றரை நிமிட அளவில் அகம் முழுதும் தீப்பற்ற, 46 பேரிற் பாதியினர் வெளியேற இயலாது மடிந்தனர்.

பயணியின் சுகத்திற்கென இட்ட நுரைப்பஞ்சு மெத்தையே அவரைக் கொல்லும் நச்சுப்புகையைத் தருவது என்பது அறிஞர் கண்ட முடிவு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் 1984ஆம் ஆண்டு இரு கட்டளைகள் பிறப்பித்தது. மெத்தைக்கும் மேற்றுணிக்கும் இடையே தீயைத் தடுக்கும் உறை இடப்படல் வேண்டும். புகை சூழ்ந்தபோதும் வழி காட்டுமாறு தரையோரம் ஒளி அமைத்தல் வேண்டும். இவை புதிய விமானங்களுக்கு மட்டுமன்றி, ஏலவே பறந்துகொண்டிருந்த பழைய விமானங்களுக்கும் விதிக்கப்பட்டன. மூன்றாண்டினுட் பல்லாயிரம் இருக்கைகள் பிரித்துத் தைக்கப்பட்டன. பயணிகள் இம்மாற்றத்தைக் கண்டிலர். இருக்கை முன்போலவே தோன்றியது.

1985 ஓகஸ்ட் 22ஆம் நாள் மன்செஸ்டர் நிலையத்திற் பிரிட்டிஷ் எயார்டூர்ஸ் விமானமொன்று ஓடுபாதையிலேயே தீப்பற்றி 55 உயிர்களைக் கவர்ந்தது. இறக்கைமேல் வாயிலருகே இருக்கை வழியை மறித்தமையும் வெளியேற்றத்தைத் தாமதித்தது. இதன்பின் அவ்வாயிலருகே கூடுதல் இடம் விடல் பிரித்தானியாவில் விதியாயிற்று. இன்று அவ்விடத்து இருக்கைக்குக் கூடுதற் பணம் கொடுத்துக் கால்நீட்டி மகிழ்வோர், அவ்விடம் எவ்விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை நினைப்பதில்லை.

சுவருக்குள் ஓடிய கம்பி

புதுக்கலே ஆபத்தின் ஆராய்ச்சிப் பொருளான கதையும் உண்டு. 1998 செப்டம்பர் 2ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட சுவிஸ் எயார் 111ஆம் இலக்க விமானம், கனடாவின் நோவா ஸ்கோசியாக் கரைக்கப்பால் வீழ்ந்து 229 பேரும் இறந்தனர். அவ்விமானம் 1991ஆம் ஆண்டு செய்யப்பட்ட எம்.டி. 11. அதில், சில ஆண்டுகளின்பின், பயணிகள் விரும்பிய படங்களைத் தத்தம் இருக்கையிற் காணும் பொழுதுபோக்குக் கருவித்தொகுதி புதிதாகப் பொருத்தப்பட்டது.

கனடியப் புலனாய்வுச் சபை நாலாண்டுக்கு மேலாக ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. விமானியறைக் கூரைக்குமேல் மின்கம்பியிற் பொறி பறந்து தீ மூண்டதெனவும், ஆங்கிருந்த காப்புறையின் மேற்படலம் எளிதில் எரிந்து தீயைப் பரப்பியதெனவும் சபை கண்டது. பொழுதுபோக்குத் தொகுதியின் கம்பியொன்று அவ்விடத்திற் பொறிபட்டிருந்தது. ஆயின் அதுவொன்றே முதற்காரணம் என்று சபை துணியவில்லை. வேறொன்று ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று. புகை மணந்தபோது கூடத்தின் மின்சாரத்தை நிறுத்துதற்கு விமானிகள் அழுத்தும் ஆளி, புதிதாக இணைத்த இத்தொகுதிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தாதவாறே இணைப்பு அமைந்திருந்தது. விமானத்தை ஆக்கியோர் வகுத்த ஒழுங்கினைப் பின்வந்த புதுக்கல் உடைத்திருந்தது. விபத்தின்பின் அவ்வகைக் காப்புறையை நூற்றுக்கணக்கான விமானங்களினின்று அகற்றுமாறு அமெரிக்க நிருவாகம் கட்டளையிட்டது.

வரலாறு காட்டும் நெறி

இக்காலத்தும் புதுக்கல் ஓயவில்லை. எமிரேற்ஸ் கம்பனி தன் பழைய விமானங்களில் 120ஐ உள்ளே மாற்றியமைக்கும் பெருவேலையை 2022 நவம்பரிற் டுபாயில் தொடங்கிப் பின்னர் அத்தொகையை மேலும் விரிவாக்கியது. புதிய விமானம் வாங்குதற்குப் பெருந்தொகையும் நீண்ட காத்திருப்பும் வேண்டும். பழையதைப் புதுக்குதல் அதனினும் எளிது. மறுபுறத்தே, மெல்லிய முதுகுடைய இருக்கைகளை நெருக்கிப் பொருத்துதலும் நிகழ்கின்றது. இருக்கையின் சிற்றளவை வரையறுக்குமாறு அமெரிக்கச் சட்டமன்றம் 2018ஆம் ஆண்டு விதித்தமை, இவ்விடயம் கம்பனிகளின் விருப்பிற்கு மட்டும் விடத்தக்கதன்று என்னும் எண்ணத்தின் விளைவே.

இவற்றாற் பெறப்படுவது யாது? பயணி விலை கொடுத்து வாங்குவது கண்ணாற் காண்பதை: துணியின் நிறம், ஒளியின் மென்மை, திரையின் அகலம். அவர் உயிர் தங்கியிருப்பதோ காணாதவற்றில்: மெத்தைக்குள் உள்ள உறை, சுவருக்குள் ஓடும் கம்பி, வாயிலருகே விடப்பட்ட வெளி. காண்பதைப் போட்டி திருத்தும். பயணி குறைகூறுவார், கம்பனி கேட்கும். காணாததை எந்தப் பயணியும் குறைகூறார். ஆதலின் அதனைத் திருத்துதற்குச் சந்தை போதாது, சட்டமும் சோதனையும் வேண்டும். அச்சட்டங்களுட் பல சாவின்பின் எழுதப்பட்டவை என்பது இவ்வரலாற்றின் துயரம். அவை பழைய விமானங்களுக்கும் உரியன என வகுக்கப்பட்டமை அதன் ஆறுதல்.

ஒரு நிலையத்தைப் புதுக்குவோர் முன் சுவருக்கு வண்ணம் தீட்டி அடித்தளத்தை மறப்பின், அது புதுக்கலன்று, மறைத்தலேயாம். விமானத்திற்கு உரிய இவ்வுண்மை, பழையதொன்றைத் தலைமுறைதோறும் புதுக்கிப் பேணும் பொறுப்புடைய எந்நிறுவனத்திற்கும் உரியதேயாம்.