அச்சு யார் கையில்?

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுத்தவன் ஊர்க் கொல்லன். தேய்ந்தால் அவனே தீட்டினான். உடைந்தால் வேறொன்று செய்தான். தட்டானோ வெண்கல அச்சில் தகட்டை வைத்துத் தட்டி, ஒன்றைப்போல் ஒன்றாக மணிகள் எடுத்தான். அச்சு நமக்குப் புதிய வித்தையன்று.

பின்னர் யந்திரம் வந்தது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு மண்வாரிப் பொறிகள் வந்தன. உழவு இயந்திரம் வயலில் இறங்கியது. 1958இல் பஸ்கள் தேசியமயமாயின. யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் பஸ் நம்முடையதாயிற்று, பஸ்ஸின் அச்சு நம்முடையதாகவில்லை. நசுங்கிய மட்காட்டைத் தட்டி நிமிர்த்தும் கை இங்கே இருந்தது. புதிய மட்காட்டைப் பிறப்பிக்கும் அச்சு கடலுக்கப்பால் இருந்தது. யந்திரம் வந்த கதையை விரித்துரைக்கும் சரித்திர ஆசிரியர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மோட்டார் ஆலையில் அந்த அச்சைச் செய்பவனை ‘டூல் அன்ட் டை மேக்கர்’ என்பர். உறுதியான உருக்கில் மேலும் கீழுமாக இரு பாதிகளை அவன் கடைந்து, அராவி, பொருத்துகிறான். இடையே தகட்டை வைத்துப் பிரஸ் அழுத்தினால் கார்க் கதவு உருவாகும். அவன் கணக்கு மயிரிழை பிசகினால் அந்த அச்சில் வரும் ஆயிரமாயிரம் கதவுகளும் பிசகும்.

இந்தக் கையின் வலுவை முதலாளிகள் 1939இல் உணர்ந்தனர். ஆண்டுதோறும் மாடல் மாற்றும் அமெரிக்க ஆலைகளில், அடுத்த மாடலுக்கான அச்சுகள் கோடையிலே தயாராக வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் டெட்ராயிற் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். தொழிலாளர் அனைவரும் வெளியேற வேண்டியிருக்கவில்லை. அச்சு இல்லையேல் 1940ஆம் ஆண்டின் கார் இல்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் கம்பெனி பணிந்து, சங்கத்தோடு உடன்பாடு கண்டது.

அப்போராட்டத்தை நடத்திய வால்டர் ரூதர், ஃபோர்ட் ஆலையில் இதே தொழில் செய்தவர். 1933 இறுதியிலிருந்து 1935 வரை தம்பி விக்டருடன் சோவியத் நாட்டின் கோர்க்கி மோட்டார் ஆலையில் வேலை செய்தார். (பிற்காலத்தில் அவரே கம்யூனிஸ்டுகளைச் சங்கப் பதவிகளிலிருந்து அகற்றினார், அது வேறு கதை.) சோவியத் நாடு ஃபோர்டிடம் காரை மட்டும் வாங்கவில்லை, ‘ஏ’ மாடலின் அச்சுகளையும் கருவிகளையும் சேர்த்தே வாங்கிற்று. நேற்றுவரை ஏர் பிடித்த குடியானவப் பிள்ளைகள் அங்கே ரூதர் போன்றோரிடம் அத்தொழிலைக் கற்றனர்.

நம் பள்ளிக்கூடங்களோ எழுதுவினைஞரை உருவாக்கின. கொல்லன் மகனும் அந்த நாற்காலியையே விரும்பினான். அவனைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. கைவினையைச் சாதிக்குள் அடைத்துவைத்து, கரி படிந்த கையைத் தாழ்வாகப் பார்த்தவர்கள் நாம்தாமே?