நெட் ஸ்டார்க்: நல்லவரா, ஏமாளியா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைக்கு மார்ட்டினைத் தூண்டியது இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள். அதனால அங்கேயே ஒரு நெட் ஸ்டார்க்கைத் தேடுவோம்.

1483 ஏப்ரல்ல மன்னர் நான்காம் எட்வர்ட் இறந்துட்டார். வாரிசுக்கு வயசு 12. மன்னரோட நெருங்கிய நண்பர் வில்லியம் ஹேஸ்டிங்ஸ், பையனைக் காப்பாத்துவார்னு நம்பி சித்தப்பா ரிச்சர்டை ஆதரிச்சார். ஜூன் 13, லண்டன் டவர்ல ஆலோசனைக் கூட்டம். அங்கேயே கைது, விசாரணையே இல்லாம தலையை வெட்டிட்டாங்க. ஜூலை 6, ரிச்சர்டுக்கு முடிசூட்டு விழா!

நெட்டுக்கும் இதே கதிதான். செர்சியை முன்கூட்டியே எச்சரிச்சது, அவங்க குழந்தைங்க உயிர் பிழைக்கணும்னு. அது பெருந்தன்மை. நகரக் காவல்படையை வளைக்கிற வேலையை லிட்டில்ஃபிங்கர்கிட்ட விட்டாரே, அதுதான் ஏமாளித்தனம். இந்த ரெண்டையும் ஒண்ணா குழப்பிட்டு, 'நேர்மையா இருந்தா இதான் கதி'ன்னு சொல்லிடாதீங்க.