துண்டும் அட்டையும்

மலையகத் தோட்டங்களின் வரலாற்றைக் கடதாசிகளின் வரலாறாகவும் எழுதலாம். கோப்பிக் காலம் தொட்டு இம்மக்களிடம் அதிகாரம் முதலில் கேட்டது கடதாசியையே. முகத்தைப் பார்த்தது பிறகுதான்.

முதலாவது கடதாசி 'துண்டு'. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதானால், அவர் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவரை மற்றத் தோட்டம் ஏற்காது. சொல்லாமல் வெளியேறினால், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி சிறை செல்ல நேரிடும். லயத்தில் தாய் சாகக் கிடக்கிறாள் என்பதற்கு அந்தச் சீட்டில் இடமில்லை. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் கடதாசி கேட்கும் பழக்கம் ஒழியவில்லை.

சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராயினும், தந்தை இங்கே பிறந்ததையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததையோ காட்ட வேண்டும். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்களிடம் மூன்று தலைமுறைச் சான்று கேட்கப்பட்டது. 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது போலத் தோன்றியது. மணமானோர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதோர் பத்து ஆண்டுகளும், 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் இடையறாது இங்கே வசித்திருக்க வேண்டும். தாய்நாட்டில் ஒரு மரணத்துக்கோ கலியாணத்துக்கோ போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவரின் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, 1947 இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இம்மக்களின் வாக்குரிமையும் பறிபோனது.

இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றவர்கள் ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரளவில்தான். விசாரித்த உத்தியோகத்தர் எல்லோரும் கொடியவர்களாக இருந்திருக்க முடியாது. செக்ரோலில் பெயர் வேறாக இருந்தது, ஆண்டு பொருந்தவில்லை, சாட்சி போதவில்லை என்று ஒவ்வொருவரும் தத்தம் கோப்பில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த வரிகள் சேர்ந்தபோது ஒரு சமூகமே நாடற்றதாயிற்று. இரக்கம் இப்படித்தான் தொலைகிறது. யாரும் அதைக் கொல்வதில்லை. அது தம் பொறுப்பல்ல என்று ஒவ்வொருவரும் அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. அன்றைய அமைச்சரவையில் நாம் போற்றும் கல்விமான் ரீ. பி. ஜாயா இருந்தார். வடக்கின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் 1948 இலேயே அமைச்சரானார். ஹட்டன், தலவாக்கலைக் கடைவீதிகளில் வியாபாரம் செய்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் அதே சட்டந்தான் விண்ணப்பதாரராக்கியது. ஆனாலும் தோட்டத்தாரின் துயரை நமது துயராக நாம் எழுதியது மிகக் குறைவு.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு; எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்தை நிறுத்துப் பங்கிடுவது போன்ற கணக்கு. ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு மறு நாடு என்றானது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற இரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். 1984 இல் கப்பல் நின்றது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்த்தன. ஒரு கோப்பை மூட ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

ஆயினும் அடுத்த கடதாசி அதற்குள் வந்துவிட்டது. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் பழைய மாணவன் ஒருவன் இரவுச் சோதனையில் பிடிபட்டான். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருந்தான், அட்டை வரவில்லை. அவன் தகப்பனும் நானும் பாடசாலை இடாப்பின் பிரதியோடு போனோம். அங்கிருந்த பொலிஸ்காரர் நல்ல மனிதர். பையனுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்திருந்தார். "சேர், இவன் உங்கள் பிள்ளைதான் என்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் நான் பார்க்க வேண்டியது அட்டையைத்தானே" என்று சிங்களத்தில் சொன்னார். மூன்றாம் நாள்தான் பையனை விட்டார்கள். வெளியே வந்ததும் தகப்பன் கேட்டார்: "மாஸ்டர், எங்க தாத்தா காலத்துத் துண்டும் இதுவும் ஒன்றுதானோ?"

பாதுகாப்புத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. குண்டு வெடித்த நகரத்தில் சோதனை வேண்டியதுதான். ஆனால் எதிரே நிற்பவர் யார் என்று விளங்கிய பிறகும் கை அசையாதபடி மனிதனைக் கட்டிப்போடும் விதி, பாதுகாப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது.

அந்தக் கட்டு என்னவென்று 2020 இல் நமக்கும் தெரிந்தது. கொரோனாவில் இறந்தோரை எரித்தேயாக வேண்டுமென்று அவ்வாண்டு ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், பிறந்து இருபது நாளான சிசுவும் டிசம்பரில் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் வெள்ளைத்துணி கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தனர். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. விதியின் பெயரால் இரக்கம் மறுக்கப்பட்டவரின் வலியை, தோட்டத்து மக்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பஞ்ச ஆண்டில் திருடியவனுக்குரிய தண்டனையைக் கலீஃபா உமர் (ரலி) நிறுத்தி வைத்ததை நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். அவர் சட்டத்தை அழிக்கவில்லை. பசித்தவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டத்தைப் பார்த்தார்.

ஒவ்வொரு வருடமும் அடையாள அட்டைக்காகப் பிள்ளைகள் விண்ணப்பத்தோடு என் மேசைக்கு வருகிறார்கள். பெயரில் ஓரெழுத்துப் பிழையென்றால் அதைத் திருப்பிக் கொடுப்பது எனக்கும் இலகு. பேனாவை எடுக்குமுன் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.