பல்லுக்குள் போன போர்ட்லண்ட் சிமெண்ட்

வேர்நுனியை வெட்டி அடைப்பதற்குப் பல் டாக்டர்கள் நெடுங்காலம் நம்பியது அமால்கத்தை. பிறகு துத்தநாக ஆக்சைடையும் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலையும் குழைத்த சிமெண்ட் வந்தது. தொல்லை கொடுத்தது ஈரம்தான். ரத்தம் ஊறும் இடத்தில் அடைப்பின் ஓரம் கசியும், கிருமி நுழையும், கடைசியில் பல்லே போகும்.

1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபிநெஜாத் கையில் எடுத்தது என்ன தெரியுமா? வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்ட்! (1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கினாரே, அதே பெயர்தான்.) எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தார்கள். எம்.டி.ஏ. பிறந்தது. சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டுமே... அதுவரை கெடுத்த ஈரமே இப்போது உதவியது!

ஆனால் முக்கால் பங்கு சிமெண்ட்தானே என்று மூட்டையிலிருந்து அள்ளிப் பூச முடியாது, அதில் ஆர்செனிக் போன்ற அசுத்தங்கள் இருக்கலாம். எம்.டி.ஏ.வுக்கும் குறை உண்டு. பல் கறுக்கும், இறுக மூன்று மணி நேரம் பிடிக்கும். பின்னால் வந்த பயோடென்டின் அதைச் சுமார் 12 நிமிடமாக்கியது.