ஏறத்தான் பலகை



தோணிரேவிலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். வரும் ஜனவரியில் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறாளாம். அதோடு விட்டாளா? ‘ஸ்ப்ளிட்போர்டு’ என்று ஒன்றும் பழக வேண்டுமாம். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகை அது. பிரித்துக் காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு ஆளரவமில்லாத மலையில் ஏறவேண்டும். உச்சியில் ஒன்றாகச் சேர்த்து, அதன் மேல் நின்று சறுக்கி இறங்கவேண்டும். மறுநாள் அவள் அம்மா பேசினார். “நீங்க சொன்னா கேப்பா சார், வேணாம்னு சொல்லுங்க.” எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சரித்திர வாத்தியார் வேறென்ன செய்வான்? நாலு நாள் உட்கார்ந்து படித்தேன்.

பனிச்சறுக்கு என்றாலே நமக்கு இறங்குவதுதான் நினைவுக்கு வரும். சரித்திரம் வேறு சொல்கிறது. சுவீடனில் கால்வ்ட்ராஸ்க் என்ற இடத்தில் கிடைத்த பலகைக்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல். அது விளையாட்டுக்குச் செய்ததல்ல, நடக்கவும் வேட்டையாடவும் செய்தது. நம் பழவேற்காடு ஏரிச் சேற்றில் காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும், பலகை போட்டு நின்றால் இறங்காது. எடை பரவினால் அழுத்தம் குறையும். ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். ஜப்பானில் அரியாக்கே கடலோரச் சேற்றில் மீனவர்கள் ஒரு காலைப் பலகையில் மடித்து வைத்து, மறு காலால் உந்திக்கொண்டே போய் மீன் பிடிக்கிறார்கள். சேறோ பனியோ, கணக்கு ஒன்றுதான்.

சரி, வழுக்கும் பலகையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவது எப்படி? பூனையின் முதுகைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்கும். அல்தாய் மலை மக்கள் பலகையின் அடியில் குதிரைத் தோலை, மயிர் பின்னோக்கிப் படியும்படி போர்த்துகிறார்கள். முன்னே வழுக்கும், பின்னே சறுக்காது. இப்போது ஆட்டு மயிரிலும் நைலானிலும் செய்த பட்டைகள் வந்துவிட்டன. 1888இல் நான்சென் ஐந்து பேரோடு கிரீன்லாந்தைப் பலகைக் கால்களால் குறுக்கே கடந்தார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டாவில் பிரெட் கோபர்னிக் என்பவர் ஒற்றைப் பலகையை இரண்டாகப் பிளந்து பார்த்தார். 1994இல் அந்த ஏற்பாடு கடைக்கு வந்தது. அதுவரை ஒற்றைப் பலகைக்காரர்கள் அதை முதுகில் சுமந்துகொண்டுதான் மலையேற வேண்டியிருந்தது.

குல்மார்க்கில் 1927இல் வெள்ளைக்கார அதிகாரிகள் சறுக்குக் கிளப் தொடங்கினார்கள். 1948இல், காஷ்மீர்ப் போரின்போது, திம்மையா அங்கே ராணுவத்துக்கு ஒரு சறுக்குப் பள்ளி அமைத்தார். அதுதான் வளர்ந்து இன்று உயர்மலைப் போர்ப் பள்ளியாக இருக்கிறது. பொதுமக்களுக்கான பயிற்சி 1968இல் வந்தது. 1998இல் ரோப் கார், 2005இல் அதன் இரண்டாம் கட்டம். இப்போது சில நிமிடங்களில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

அவள் அம்மா பயப்படுவது பிரிகிற பலகையைப் பார்த்து. எனக்குப் பயம் ரோப் காரைப் பார்த்துத்தான். காலால் ஏறுகிறவன் மணிக்கணக்கில் பனியைப் பார்க்கிறான்: காற்று எந்தப் பக்கம் குவித்தது, அடியில் ‘உம்’ என்று உள்வாங்கும் சத்தம் வருகிறதா, எதிர்ச்சரிவில் ஏற்கெனவே சரிந்த தடம் உண்டா. பெட்டியில் உட்கார்ந்து போகிறவனுக்கு இதெல்லாம் கிடைக்காது.

பார்த்தாலும் தப்புவோம் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில், அந்தப் போர்ப் பள்ளியில் பயிற்சியில் இருந்த வீரர்கள் மேலேயே பனி சரிந்து 17 பேர் இறந்தார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்த ஹனுமந்தப்பாவும் 11ஆம் தேதி போய்விட்டார். அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் மூன்று விஷயம் கேட்டேன். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கும். சாய்வை அளக்கத் தெரியுமா? புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கோல், மண்வாரி மூன்றும் உன்னிடம் மட்டுமல்ல, கூட வருகிறவரிடமும் இருக்கிறதா? பாதி மலையில் ‘திரும்பலாம்’ என்று நீ சொன்னால் கேட்கிற ஆளோடு போகிறாயா?

முதல் இரண்டும் பயிற்சியில் சொல்லித் தருவார்களாம். மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கப்பா மாதிரி ஆளா பாக்கணும் சார்” என்றாள். காற்று மாறினால் பாதி ஏரியில் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறவர் அவர். பக்கத்துத் தோணிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் காதில் வாங்கமாட்டார்.

முதலில் அடிப்படைப் பயிற்சி, அடுத்த வருஷம்தான் பிரிகிற பலகை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு அரைமனதுதான். ஜியோமிதிப் பெட்டியிலிருந்த பழைய மூலைமட்டத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாளாம், 30 டிகிரி பார்க்க. ஜனவரியில் படம் அனுப்பினால் இங்கே போடுகிறேன்.