வருஷத்துக்கு ஒரு வார்த்தைப்பாடு

1617, ஆகஸ்ட் 20. ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸில், லியோன் நகரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஷாட்டியோன் என்று ஒரு சின்ன ஊர். பங்குச் சாமியார் ஊருக்குப் புதுசு. வின்சென்ட் தே பவுல் என்று பேர். வயசு முப்பத்தாறு. பூசைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்மணி வந்து சொல்கிறார்: ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் குடும்பம் மொத்தமும் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள ஆளில்லை.

பிரசங்கத்தில் இதை எடுத்துச் சொன்னார். சாயங்காலம் அவரே அந்த வீட்டுக்குக் கிளம்பிப் போனால், வழியெல்லாம் பெண்கள். போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள், வெயில் தாங்காமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டவர்கள். ஏதோ திருவிழா ஊர்வலம் மாதிரி.

வேறு சாமியாராக இருந்தால் நெகிழ்ந்து போயிருப்பார். இவருக்குக் கணக்கு உதைத்தது. இன்றைக்கு வந்து குவிந்த சாப்பாட்டில் பாதி நாளைக்கு ஊசிப்போகும். நாலு நாள் கழித்து அந்தக் குடும்பத்தை யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரக்கம் ஏராளமாக இருக்கிறது, ஏற்பாடுதான் இல்லை!

மூன்றாம் நாளே பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஆளுக்கொரு நாள் முறை. டிசம்பர் 8-ம் தேதி முறைப்படி சங்கமே தொடங்கியாகிவிட்டது. அதற்கு அவர் எழுதிய விதிகள்தான் எனக்குப் பிடித்த சமாசாரம். பக்தி குறைவு, சமையல் அதிகம். முறைக்காரப் பெண் தன் கையால் சமைக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குள் போனதும் சிரித்த முகமாக விசாரிக்க வேண்டும். படுக்கையில் சின்ன மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கிண்ணம், கரண்டி, ரொட்டி வைத்து, கை கழுவிவிட்டு, அப்புறம் பரிமாற வேண்டும். துணைக்கு ஆள் இருக்கிற நோயாளிகளை முதலில் முடித்துவிட்டு, யாருமே இல்லாதவரிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் உட்கார முடியும். இதை எழுதியவர் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்தான், சந்தேகமே இல்லை.

பண விஷயத்துக்கும் விதி உண்டு. பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று தலைவியிடம், ஒன்று பொருளாளரிடம். இன்றைக்கு பேங்க் பெட்டக அறையில் இருக்கிற அதே ஏற்பாடு. காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி சந்தோஷம். ஆண்களும் பெண்களும் சேர்ந்து நடத்திய சங்கங்களில் ஆண்கள் எல்லாவற்றையும் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள், பெண்களின் நிர்வாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் வின்சென்ட் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில்!

கிராமத்தில் நன்றாகத்தான் ஓடியது. 1630 வாக்கில் பாரீஸுக்குப் போனபோதுதான் சிக்கல். அங்கே சேர்ந்தவர்கள் சீமாட்டிகள். நன்கொடை தாராளம். ஆனால் சூப் பானையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஏறுவது யார்? பிளேக் பயத்தில் புருஷன்மார் விடவில்லை. வேலைக்காரிகளை அனுப்பினார்கள். கட்டாயத்துக்குப் போகிறவள் எப்படிப் பரிமாறுவாள் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போது வந்து நின்றாள் மார்கரீத் நாசோ. பாரீஸுக்குப் பக்கத்தில் சுரேன் கிராமம். மாடு மேய்க்கிற பெண். பள்ளிக்கூடம் போனதில்லை. ஓர் அரிச்சுவடி வாங்கிக்கொண்டு, சாமியாரிடம் போய் முதல் நாலு எழுத்தைக் கேட்பாள். அடுத்த தடவை அடுத்த நாலு. மாடு மேய்க்கும்போது வழியில் போகிறவர்களை நிறுத்தி, 'இது என்ன வார்த்தை?' என்று கேட்பாள். இப்படிப் படித்துவிட்டு, கிராமம் கிராமமாகப் போய் மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நோயாளிகளைப் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் தானாகவே வந்து சேர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில கிராமத்துப் பெண்கள் வந்தார்கள். 1633 ஆரம்பத்தில், பிளேக் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். நோய் தொற்றி, ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அதே வருஷம் நவம்பர் 29. லூயிஸ் தே மரிலாக் என்ற விதவை, அந்தக் கிராமத்துப் பெண்களில் சிலரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பழக்க ஆரம்பித்தார். பிறரன்புப் புதல்வியர் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

இப்போது ஒரு பெரிய முட்டுக்கட்டை. கன்னியாஸ்திரீ என்றால் மடத்துச் சுவரைத் தாண்டக் கூடாது என்று 1566-லேயே போப் ஐந்தாம் பயஸ் சட்டம் போட்டிருந்தார். சும்மா ஏட்டுச் சட்டம் இல்லை அது. 1610-ல் பிரான்சிஸ் தே சேல்ஸ் அன்னெசியில் தொடங்கிய மடத்துப் பெண்கள் நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லியோன் பேராயர் நெருக்கினார். சில வருஷங்களில் கதவு சாத்தப்பட்டது. வின்சென்ட்டுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும்.

ஆகவே, என் பெண்கள் கன்னியாஸ்திரீகளே இல்லை என்றார். தலைமுக்காடு கிடையாது, கிராமத்து உடுப்புதான். மடம் கிடையாது, நோயாளியின் வீடுதான். தனிக் கோயில் கிடையாது, பங்குக் கோயிலே போதும். தெருதான் அவர்களுக்கு உள்முற்றம்.

1642 மார்ச் 25-ல் லூயிஸும் இன்னும் நாலு பேரும் முதல்முறையாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அது ஆயுசுக்கும். ஆனால் பிறகு நிலைத்த வழக்கம் வேறு: ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்! சபையில் சேர்ந்து சில வருஷம் வேலை பார்த்த பிறகு முதல் வார்த்தைப்பாடு. அப்புறம் வருஷா வருஷம், மங்கள வார்த்தைத் திருநாளில், புதுப்பிக்க வேண்டும். நம்மூர் ஏ.எம்.சி. மாதிரி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் உள்ளே இருப்பது வேடிக்கை இல்லை. ஆயுள் சத்தியம் செய்துவிட்டவளுக்கு ஒரே ஒரு நாள்தான் முடிவெடுக்கிற நாள். இவளுக்கு வருஷத்துக்கு ஒன்று வருகிறது. முதுகு வலிக்கிறது, நோயாளி திட்டுகிறார், ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எல்லாம் தெரிந்த பிறகு, யோசித்து, மறுபடியும் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் போகலாம், ஓடிப்போனவள் என்ற பேர் கிடையாது.

வின்சென்ட்டும் லூயிஸும் 1660-ல், ஆறே மாத இடைவெளியில் காலமானார்கள். இன்றைக்கும் அந்தப் பெண்கள் மார்ச் 25 அன்று புதுப்பிக்கிறார்கள். அம்பது தடவை புதுப்பித்த கிழவிகள் உண்டு. அவர்களுக்கும் அது ஒரு வருஷத்துக்குத்தான்.