அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கம்

எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுக வாயிலில், ஃபாரோஸ் தீவின் கிழக்கு முனையில் நின்ற கோபுரம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்து, கி.பி. 14ஆம் நூற்றாண்டில் அழிந்தது. உயரம் 100 மீட்டருக்குக் குறையாது என்பது பெரும்பாலோர் கருத்து. அதற்கு மேல் எவ்வளவு என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர்.

அலெக்சாந்திரியாவை அடுத்த கரை தாழ்வானது. கடலில் வருவோர் குறி வைத்துக்கொள்ள மலையோ மேடோ இல்லை. துறைமுக வாயிலில் பாறைகளும் உண்டு. இதற்காக மன்னர் முதலாம் தாலமி தொடங்கிய கோபுரப் பணி, அவர் மகன் இரண்டாம் தாலமி காலத்தில், ஏறத்தாழ கி.மு. 280இல் முடிந்ததாகக் கொள்வர். செலவு 800 தாலந்து என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி.

கோபுரத்தில் பொறிக்கப்பட்டிருந்த பெயர் கினிடஸ் நகரத்துச் சோஸ்ட்ராடஸுடையது. அவர் கட்டடக் கலைஞரா, பொருள் கொடுத்த அரசவைச் செல்வரா என்பது இன்றும் வழக்கிலுள்ள கேள்வி. தன் பெயரைக் கல்லில் வெட்டி, அதன்மேல் சாந்து பூசி மன்னர் பெயரை எழுதினார், காலப்போக்கில் சாந்து உதிர்ந்தது என்று கிரேக்க எழுத்தாளர் லூசியன் சொல்லும் கதையை வரலாறாகக் கொள்ள முடியாது. பெயரைப் பொறிக்க மன்னரே பெருந்தன்மையோடு அனுமதித்தார் என்பது பிளினி தரும் செய்தி.

ரோமர் காலத்துக்குச் சான்று அலெக்சாந்திரியா நாணயங்களும் சிதறிய குறிப்புகளுமே. கோபுரத்தில் ஓயாமல் எரிந்த தீயை மாலுமிகள் விண்மீன் என மயங்கக்கூடும் என்று பிளினி கவலைப்பட்டிருக்கிறார். உலக அதிசயங்களின் பழைய பட்டியலொன்றில் இக்கோபுரம் இல்லை. அங்கே பாபிலோனின் மதில்கள் இடம்பெற்றுள்ளன. கோபுரத்திலிருந்து பகைவர் கப்பல்களை எரித்த மாயக் கண்ணாடி என்பது பிற்கால அரபு நூல்கள் பரப்பிய கதை.

கோபுரத்தைப் பற்றிய நம்பத்தக்க விவரங்கள் பெரும்பாலும் அதன் முதுமைக் காலத்தவை. 956ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் உச்சிப் பகுதி சரிந்த பிறகு, 1166 வாக்கில் மாலகா நகரத்து யூசுஃப் இப்ன் அல்-ஷைக் அல்-பலவி அங்கு வந்தார். மற்றவர்கள் வியந்து எழுதியதோடு நிற்க, இவர் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு உயரம் அளந்தார். தரைமட்டத்துக்கு மேலே இருந்த வாயில், அதற்கு ஏறிச்செல்லும் வளைவுகள் தாங்கிய சரிவுப்பாதை, குதிரை வீரர் இருவர் ஒருவரையொருவர் கடந்து செல்லும் அகலமுள்ள உட்பாதை, கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம் என்ற மூன்று அடுக்குகள் யாவும் இவர் குறிப்பில் உள்ளன. 1933இல் ஸ்பானிய அறிஞர் மிகேல் அசின் பலாசியோஸ் இக்குறிப்பை வெளியிட்டார். அதற்கு முன்பே 1909இல் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் தீர்ஷ் வரைந்த மீட்டுருவாக்கமும் மூன்று அடுக்குகளைக் காட்டியிருந்தது. ஆனால் பலவியின் முழ அளவுகளை மீட்டராக மாற்றுவதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

1183இல் வந்த பயணி இப்ன் ஜுபைர் கோபுர உச்சியிலிருந்த பள்ளிவாசலில் தொழுததாக எழுதுகிறார். 1303ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் கோபுரத்தைக் கடுமையாகச் சிதைத்தது. 1326இல் பயணி இப்ன் பதூதா பார்த்தபோது ஒரு முகம் இடிந்திருந்தது. வாயிலுக்கு எதிரே அதே உயரத்தில் இருந்த கட்டடத்திலிருந்து பலகைகள் போட்டே உள்ளே போக வேண்டியிருந்தது, பலகையை எடுத்துவிட்டால் வழியில்லை. 1349இல் அவர் திரும்பி வந்தபோது வாயிலை எட்டவே இயலவில்லை. அருகே புதிதாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்ப முனைந்த சுல்தான் அல்-நாசிர் அதை முடிக்காமலே இறந்தார்.

1477இல் சுல்தான் காயித்பாய் பழைய கோபுரம் நின்ற இடத்தில் கோட்டை கட்டினார். கோபுரத்தின் கற்கள் சில அதில் பயன்பட்டிருக்கலாம்.

1961இல் எகிப்திய முக்குளிப்பவர் காமில் அபு அல்-சாதாத் கோட்டையை அடுத்த கடலடியில் சிலைகளையும் கற்களையும் கண்டார். 1968இல் தொல்லியலாளர் ஆனர் ஃபிராஸ்ட் யுனெஸ்கோவுக்காக ஆய்வு நடத்தினார். 1994 முதல் தொல்லியலாளர் ழான்-ஈவ் அம்பெரேரின் குழு 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிவுசெய்தது. அவற்றில் எவை கோபுரத்தைச் சேர்ந்தவை என்பது ஒவ்வொன்றாக ஆராயப்படுகிறது. 2025இல் பெரும் வாயிலொன்றின் பகுதிகள் உட்படச் சில கற்பாளங்கள் முப்பரிமாணப் பதிவுக்காக வெளியே எடுக்கப்பட்டன.